சர்க்கார் வாசல்ல சாமானை இறக்கு, மாப்ளே

மாப்ளே, முதல்ல அந்தத் தேத்தண்ணியக் குடி. ஆறிப்போச்சுன்னா இந்தத் தேக்கா மார்க்கெட்டுல அடுத்த கோப்பைக்கும் நான்தான் காசு குடுக்கணும். மூணு மாசச் சம்பளத்த முதலாளி நிறுத்தி வச்சிருக்கான், வயிறு எரியுது, ஒத்துக்குறேன். அதுக்காக, “அமெரிக்காவுல துப்பாக்கியோடவே சட்டசபைக்குள்ள போறான் மாமா, நான் ஒரு அருவாளோட ஆபீசுக்குப் போனா என்ன”ன்னு இம்புட்டுச் சத்தமாக் கேக்குறியே, அந்தாக் கறிக்கடைக்காரரு வெட்டுறத நிறுத்திட்டு உன்னையே பாக்குறாரு. அவரு கையில இருக்குற கத்திக்குப் பொழப்புன்னு பேரு. அதே கத்தி உன் இடுப்புல இருந்து, எதுக்குடா இதுன்னு கேக்குறப்ப நீ முழிச்சேன்னு வையி, 1958-ல போட்ட சட்டம் ஒண்ணு தயாரா இருக்கு. மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஆறு அடிக்குக் கொறையாம ரோத்தான்.

ரோத்தான் பிரம்புன்னா என்னன்னு டார்மிட்டரியில உன் கூடப் படுக்குறவனுக கிட்டக் கேளு, விவரமாச் சொல்லுவானுக. நான் ஒரு விவரம் மட்டும் சொல்றேன். அம்பது வயசு தாண்டின ஆம்பளைக்கு ரோத்தான் கிடையாது, பொம்பளைக்கு எந்த வயசுலயும் கிடையாது. எனக்கு அறுபத்தெட்டு. உங்க அத்தைக்கும் பயமில்ல. இந்தக் குடும்பத்துலயே அதுக்கு முழுத் தகுதியோட இருக்குறது நீ ஒருத்தன்தான்.

சரி, ஆசைப்பட்டுட்டே. துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு சர்க்கார் கட்டடத்துக்குள்ள போக இந்தச் சிங்கப்பூருல வழி இருக்கான்னு கேட்டா, இருக்கு. ஒண்ணுக்கு மேலயே இருக்கு. மாமன் சொல்றேன், எழுதிக்க.

முதல் வழி சுலபம். நீ இங்க ஆம்பளப் புள்ளையாப் பொறந்திருக்கணும். 1967-லேர்ந்து இதுதான் முறை. பதினெட்டு வயசானா பட்டாளம் கூப்பிட்டுரும், ரெண்டு வருஷம். கையில எஸ்.ஏ.ஆர். 21 ரைஃபிளைக் குடுத்து, குளிக்கப் போனாலும் எவங்கிட்டயாவது ஒப்படைச்சுட்டுத்தான் போகணும்னு சொல்லிருவாங்க. எம்.ஆர்.டி.யில உம்மேல சாஞ்சு தூங்குறானே சோடாப்புட்டிக் கண்ணாடிக்காரன், அவனுக்குச் சுடத் தெரியும். எங்க மாடியில இருக்குற சீனப் பையன், அடுத்த வீட்டு மலாய்க்காரப் பையன், கோயில்ல நாதஸ்வரம் வாசிக்கிறவரோட மகன், எல்லாத்துக்கும் தெரியும். ஊரே சுடத் தெரிஞ்ச ஊரு, ஒருத்தன் சட்டைப்பையிலயும் ஒரு தோட்டா கிடையாது. எப்படிங்கிறே? சுட்டு முடிச்சுத் திடல விட்டு வெளிய வர்றப்ப ஒவ்வொருத்தனும் நிமிந்து நின்னு, தோட்டா இல்ல, காலிக் கூடு இல்ல, எதுவும் எங்கிட்ட இல்ல ஐயான்னு வாயத் தொறந்து சொல்லணும். என் மூத்தவன் லீவுல வீட்டுக்கு வந்தப்ப, சாப்பிட்டு எந்திரிச்சவன் தட்டக் காட்டி அதே குரல்ல எங்கிட்ட எதுவும் இல்லன்னு கத்துனான். உங்க அத்தை பயந்துபோயி இன்னும் ரெண்டு தோசை வச்சா.

2007-ல ஒரு பையன் முகாமுலேர்ந்து ரைஃபிளோடயும் கொஞ்சம் தோட்டாவோடயும் கெளம்பி ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கம் வந்துட்டான். ஒரு குண்டும் சுடல, யாரையும் தொடல. சினிமாத் தியேட்டர் இருக்குற கட்டடத்துல வச்சுப் புடிச்சாங்க. ஒம்பது வருஷத்துக்கு மேல ஜெயில், 18 ரோத்தான். சுடாததுக்கே அம்புட்டு.

சுட்டிருந்தா? அதுக்கு 1973-லயே எழுதி வச்சுட்டாங்க. நான் வந்த புதுசுல பழைய ஆளுங்க சொல்லுவாங்க, அறுபது எழுபதுகள்ல இந்த ஊரு வேற ஊருன்னு. லிம் பான் லிம்னு ஒருத்தன் இருந்தான், போலீஸ்காரரையே சுட்டவன், கொள்ளைக்காரன். 1972-ல குவீன்ஸ்டவுன்ல போலீஸ் அவனச் சுட்டுத்தான் கதைய முடிச்சாங்க. மறு வருஷமே ஆயுதக் குற்றச் சட்டம் வந்துருச்சு. ஒருத்தன காயப்படுத்தணும்னு நெனச்சுச் சுட்டா, குறி தப்பி சுவத்துல பட்டாலும் தூக்கு. மனசு எரங்கிக் கொறச்சுக் குடுப்போம்னு நீதிபதி நெனச்சாலும் அவருக்கு வழியில்ல. கூட்டாளிகிட்ட துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சு கூடத் திருடப் போனவனும், அவன் சுடுறத நான் தடுக்கத்தான் பாத்தேன்னு நிரூபிக்க முடியலன்னா அதே கயித்துக்கு வந்துருவான். சும்மா வச்சிருந்தாலே, துப்பாக்கிகூட வேணாம் ஒரு தோட்டா வச்சிருந்தாலே, அஞ்சுலேர்ந்து பத்து வருஷம், ஆறு அடிக்குக் கொறையாது. இதெல்லாம் என் மக சட்டம் படிக்கிறப்ப சோத்தைப் போட்டுக்கிட்டே மனப்பாடம் பண்ணுனது. நான் கேட்டுக்கிட்டே மீன் முள்ளு எடுத்தேன், ரெண்டும் தொண்டையில நின்னுபோச்சு.

இப்பப் புரியுதா, இங்க ஏன் பார்லிமெண்டு வாசலுக்கு ஒரு துப்பாக்கிச் சட்டம், கோர்ட்டு வாசலுக்கு ஒரு துப்பாக்கிச் சட்டம்னு யாரும் மண்டையப் போட்டு உடைச்சுக்கலன்னு? வாசலை சாங்கி ஏர்போர்ட்டுல கொண்டுபோய் வச்சுட்டாங்க. தீவே ஒரு ஆபீசு. நீ வந்து எறங்கினப்ப உன் பெட்டிய உருட்டிப் பாத்தாங்கள்ல, அன்னிக்கே நீ சர்க்கார் கட்டடத்துக்குள்ள வந்துட்டே. உன் தம்பி வர்றதாச் சொன்னியே, அவங்கிட்டச் சொல்லி வையி: திருவிழாக் கடையில வாங்கி வாய்ல சிகரெட்டோட போஸ் குடுத்துப் படம் போட்டானே, துப்பாக்கி மாதிரி லைட்டரு, அத அறந்தாங்கியிலயே விட்டுட்டு வரச் சொல்லு. கொண்டுவரக் கூடாத சாமான் பட்டியல்ல அது தனியாப் பேரு போட்டு நிக்குது, சூயிங் கம்முக்குப் பக்கத்துல. தீபாவளிக்குப் பொட்டுவெடித் துப்பாக்கின்னு கேட்டுறப் போறான். பட்டாசுக்கு 1972-லயே சட்டம் போட்டு வாயக் கட்டியாச்சு. 2018-ல தீபாவளிக்கு முந்தின ராத்திரி, இந்தா பக்கத்துல குளோஸ்டர் ரோட்டுல வாணவெடி வெடிச்சதுக்கு ஆளப் புடிச்சு வழக்குப் போட்டாங்க. லிட்டில் இந்தியாவுல வெளக்கு மட்டுந்தான் எரியும். நம்ம ஜனங்க பழகிட்டாங்க, சத்தத்துக்கு வீட்டுல பிள்ளைக இருக்கு.

ரெண்டாவது வழிக்கு நீ நேபாளத்துல பொறந்திருக்கணும். கூர்க்கா. 1949-லேர்ந்து இந்த ஊரு போலீஸ்ல அவங்களுக்குன்னு ஒரு படை இருக்கு. அதுக்கு முன்னாடி அந்த வேலையில சீக்கியருங்க இருந்தாங்க. சீனன், மலாய்க்காரன், தமிழன் எவனுக்கும் சொந்தமில்லாத ஆளா, கலவரம்னா யாரு பக்கமும் சாயாத ஆளா வேணும்னு கொண்டாந்து வச்சாங்க. 2018-ல டிரம்பும் வடகொரியாக்காரரும் செந்தோசாவுல கை குலுக்க வந்தப்ப ரோட்டுல நின்னது அவங்கதான். இடுப்புல வளைஞ்ச குக்ரி, கையில பெரிய துப்பாக்கி, மூஞ்சியில ஒரு சுருக்கம் கிடையாது. அந்த வேலைக்கு எடுக்குறப்ப முதுகுக் கூடையில 25 கிலோ மண்ணக் கட்டிவிட்டு மலையேத்தத்துல ஓட விடுவாங்க. நீ போன வாரம் எங்க வீட்டு லிஃப்ட் ரிப்பேர்னு நாலாவது மாடிக்கு வராமலே திரும்பிப் போனவன். போதாததுக்கு, கூர்க்கா இங்க பொண்ணு கட்டக் கூடாது, வேலை முடிஞ்சா ஊருக்குத் திரும்பிறணும். டெஸ்கர் ரோட்டு மளிகைக் கடைக்கு நீ ஒரு நாளைக்கு மூணு தடவை எதுக்குப் போறேன்னு எனக்குத் தெரியாதா? உனக்கு அந்த வழி ஒத்து வராது.

பக்தி வழின்னு ஒண்ணும் இருக்கு, அது துப்பாக்கிக்கு ஆகாது. தைப்பூசத்தன்னிக்குப் பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் கன்னத்துல வேல், முதுகுல கொக்கின்னு வர்றான். போலீஸ் மாத்தா கைய நீட்டி வண்டிய நிறுத்தி வழி விடுறாரு. அதே வேலைக் கையில புடிச்சுக்கிட்டு நீ தனியா ஒரு நாள் நடந்து பாரு, வேற வண்டியில ஏத்திருவாங்க. பெர்மிட் வாங்கின கூர்மைக்கு ஒரு மரியாதை, வாங்காததுக்கு ஒரு மரியாதை.

போன மாசம் எனக்கே நடந்துச்சு. எந்த ஆபீசுன்னு கேக்காத. வாசல்ல பைய ஸ்கேனர்ல விடச் சொன்னாங்க. பெல்ட்டு ஓடுது, நிக்குது, பின்னால போகுது, திரும்பவும் முன்னால வருது. திரையில என் வெத்தலைப் பை, அதுக்குள்ள ரெண்டு காலை விரிச்சுக்கிட்டு ஒரு இரும்பு. காவலுக்கு இருந்த அம்மா என்னையப் பாத்தா, திரையப் பாத்தா, இன்னொருத்தியக் கூப்பிட்டா. “அங்கிள், இது என்ன?” பாக்குவெட்டிம்மா, எங்க அப்பத்தாளுது. “எதுக்கு?” பையில கொட்டப்பாக்கு இருந்துச்சு, ஒண்ண எடுத்து அங்கயே நறுக்குன்னு வெட்டிக் காட்டினேன். சத்தத்துல பின்னாடி வரிசையில நின்னவன் ஒரு அடி நவுந்தான். அந்தம்மா சிரிக்கல. பாக்குவெட்டிய ஒரு தட்டுல வச்சு, நம்பரு போட்ட வில்லை ஒண்ணக் கையில குடுத்து, உள்ள போங்க அங்கிள், வர்றப்ப வாங்கிக்கங்கன்னா. வெட்டின பாக்க மட்டும் திருப்பிக் குடுத்தா. நூறு வருஷமா எங்க குடும்பத்துல ஒரு கொட்டப்பாக்குக்கு மேல எதையும் வெட்டாத சாமான், அன்னிக்கு சர்க்கார் காவல்ல ஒரு மணி நேரம் இருந்துச்சு. எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

சில இடத்துல வாசல் வரைக்கும்கூடப் போக முடியாது. செவப்புப் பலகை ஒண்ணு பாத்திருப்பே, நாலு மொழியில எழுதி, படமும் போட்டிருக்கும்: ஒருத்தன் துப்பாக்கிய நீட்டிக்கிட்டு நிப்பான், எதிர்ல ஒருத்தன் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிப்பான். நாலு மொழியும் தெரியாதவனுக்கும் அந்தப் படம் விளங்கும். 2017-ல கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டம்னு புதுசாப் போட்டு, அந்தப் பலகைக்குப் பின்னாடி நிக்கிறவருக்குச் சோதிக்க, நிறுத்த, படம் எடுத்தா அழிக்கச் சொல்ல எல்லா அதிகாரமும் குடுத்திருக்காங்க. அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்து ஊருக்கு அனுப்புற வேலை வேணாம். துப்பாக்கிய நல்லாப் பாக்கணும்னு ஆசையா இருந்தா, மாசத்து முதல் ஞாயித்துக்கிழமை இஸ்தானா வாசலுக்குப் போ. காவல் மாத்துவாங்க. ரைஃபிளச் சுத்துறான் பாரு, தப்படிக்கிறவன் குச்சியச் சுத்துற மாதிரி. காசு கேக்கமாட்டாங்க.

நம்ம ஊரை மட்டும் என்ன கொறச்சலா நெனச்சே? தேர்தல் வந்துட்டா லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்குறவன் ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைச்சிரணும். நம்ம ஊரு பெரிய வீட்டு ரெட்டைக் குழல், ஐயா ஓட்டுப் போடப் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிரும். அவரவிட அதுதான் ஒழுங்காப் போய்க்கிட்டிருந்துச்சு. வாக்குச் சாவடிக்கு ஆயுதத்தோட வந்தா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்னு 1996-ல சட்டத்துல சேத்தாங்க. டெல்லியில 2001-ல பார்லிமெண்டு வாசல்லயே சுட்டாங்க, ஒம்பது உசுரு போச்சு. அதுக்கப்புறம் அம்புட்டுச் சோதனை போட்டும், 2023-ல அதே டிசம்பர் 13 அன்னிக்கு ரெண்டு பேரு பூட்ஸுக்குள்ள புகைக்குப்பிய வச்சுக்கிட்டு உள்ள போயி, மேலேர்ந்து குதிச்சு மஞ்சப் புகை விட்டானுக. இடுப்பத் தடவுனவன் காலைத் தடவல.

இப்ப உன் அமெரிக்காவுக்கு வருவோம். முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசு மாப்ளே. அங்க மத்திய சர்க்கார் கட்டடத்துக்குள்ள துப்பாக்கி கூடாதுன்னு 1988-லேர்ந்தே சட்டம் இருக்கு. ரெண்டரை அங்குலத்துக்குக் கொறஞ்ச பேனாக்கத்தி மட்டும் அந்தக் கணக்குல சேராதாம், அளந்து வச்சிருக்கானுக. கூத்து எல்லாம் மாநிலத்துல. டெக்சாஸ்ல, ஆஸ்டின்ங்கிற ஊருல, சட்டசபைக் கட்டடத்துல 2010-ல சோதனைக் கருவி வச்சாங்க. வரிசை நீண்டு போச்சு. துப்பாக்கி லைசென்ஸ் இருக்குறவன் அட்டையக் காட்டிட்டு வரிசையில நிக்காமப் போயிரலாம்னு தனிப் பாதை விட்டாங்க. பாத்தான் வெவரமானவன், துப்பாக்கியே இல்லாதவனெல்லாம் வரிசையத் தாண்டுறதுக்காகவே போயி லைசென்ஸ் எடுத்தான். வெறுங்கையோட வந்தவன் பைய வெட்டவெளியில கொட்டிக் காட்டுறான், துப்பாக்கிக்காரன் சலாம் வாங்கிக்கிட்டு உள்ள போறான். திருப்பதியில முந்நூறு ரூவா டிக்கெட்டு எடுக்குற நம்மாளு அங்க போனா முத நாளே லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருவான்.

மிச்சிகன் கதை இன்னும் நல்லாருக்கும். 2020 ஏப்ரல் கடைசியில, கொரோனா கட்டுப்பாடு வேணாம்னு ஒரு கூட்டம் லான்சிங்ல இருக்குற சட்டசபைக்குள்ள போச்சு. தோள்ல நீட்டு நீட்டா ரைஃபிள். மேல் மாடத்துல நின்னுக்கிட்டு உறுப்பினருங்களக் குனிஞ்சு பாக்குறானுக. கீழ ஒருத்தரு ரெண்டு பேரு குண்டு துளைக்காத அங்கிய மாட்டிக்கிட்டு சபையில உக்காந்திருந்தாங்க. சட்டப்படி தப்பில்ல. ஆனா அந்தக் கட்டடத்துக்குள்ள பதாகை கொண்டுபோகத் தடை இருந்துச்சு பாரு! ரைஃபிளு போலாம், எழுதின அட்டை போகக் கூடாது. அட்டைக் குச்சி சுவத்தக் கீறிருமாம். 2021 ஜனவரியிலதான் வெளியத் தெரியத் துப்பாக்கி தூக்கிட்டு வராதன்னாங்க, முழுசாத் தடை போட 2023 ஆச்சு.

நாம இருக்குற இந்த ஊரு அந்த விஷயத்துல ஓரவஞ்சனை பண்ணாது. துப்பாக்கியும் கூடாது, அட்டையும் கூடாது. நெசமாத்தான். 2009-ல வந்த பொது ஒழுங்குச் சட்டத்துல, பெர்மிட் இல்லாம ஒத்த ஆளு அட்டையப் புடிச்சுக்கிட்டு நின்னாலும் அது கூட்டம்தான். ஒரே ஆளு எப்படி மாமா கூட்டமாவான்னு கேட்டே பாரு, நல்ல கேள்வி. கோர்ட்டு வாசல்ல அட்டையோட நின்னு படம் எடுத்துக்கிட்ட ஒருத்தருக்கு 3,000 வெள்ளி அபராதம் போட்டப்ப அவருக்கும் அது தோணியிருக்கும். ஹாங் லிம் பார்க்குல நின்னு பேசலாம், அதுவும் இந்த ஊரு குடிமகனுக்குத்தான். பெர்மிட்ல வந்த நீ அங்க புறாவுக்குப் பொரி போடவும் கூடாது, அதுக்கும் அபராதம் இருக்கு. துப்பாக்கி இல்லாத ஊருல ராத்திரி ரெண்டு மணிக்கு உன் அத்தை தனியா நடந்து வர்றா, எனக்கு அது பெருசு. அட்டையைக் கண்டும் இம்புட்டுப் பதறணுமான்னு நான் கேட்டா, என் மக, அப்பா தேத்தண்ணியக் குடிங்கங்கிறா.

துப்பாக்கியப் பத்திப் பேசுறோம், ஒண்ண மட்டும் சிரிக்காமச் சொல்லிறேன். 2013 டிசம்பர் 8, ஞாயித்துக்கிழமை ராத்திரி, அந்தா ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷயர் ரோடும் சேர்ற எடம். நம்ம புதுக்கோட்டைச் சில்லாக்காரப் பையன் ஒருத்தன் பஸ்ஸுல அடிபட்டுச் செத்தான். அதுக்கப்புறம் நடந்தது உனக்கும் ஊர்ல டிவியில காட்டியிருப்பாங்க. முந்நூறு நானூறு பேரு, கல்லு, பாட்டில், ஆம்புலன்ஸ் எரியுது, போலீஸ் காரு குப்புறக் கெடக்குது. 23 வண்டி சேதம். போலீஸ்காரங்க கொஞ்சப் பேரு, ரத்தத்தோட நிக்கிறாங்க, ஒவ்வொருத்தர் இடுப்புலயும் ரிவால்வர் இருக்கு. ஒருத்தரும் சுடல. ஒரு குண்டுகூட. வேற எந்த ஊருலயா இருந்தாலும் அன்னிக்கு நம்ம பயலுக எத்தன பேரு தார்ப்பாயில சுத்தி ஊருக்குத் திரும்பியிருப்பானுகன்னு நான் கணக்குப் போட்டுப் பாத்ததுண்டு. சுடாம நின்னதாலதான் கூட்டம் துணிஞ்சிருச்சுன்னு சொன்னவங்களும் உண்டு. விசாரணைக் கமிஷன் வச்சாங்க, பன்னீர்செல்வம்னு நம்மாளுதான் தலைவர், பழைய நீதிபதி. அறிக்கை வந்துச்சு, அதுக்கு அடுத்த வருஷம் குடிக்குச் சட்டம் வந்துச்சு. ராத்திரி பத்தரைக்கு மேல பொது எடத்துல குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவுல சனிக்கிழமை காலை 7 மணிலேர்ந்து திங்கக்கிழமை காலை 7 மணி வரைக்கும் பொது எடத்துல பாட்டில் வாயத் தொறக்கவே கூடாது. துப்பாக்கிய 1973-ல அடக்குன ஊருக்கு, பீர் பாட்டில அடக்க 2015 ஆயிருக்கு பாரு.

உனக்கு மிச்சமிருக்குற வழி ஒண்ணுதான். துணைப் போலீஸ். செக்பாயிண்டுல, ஏர்போர்ட்டுல, பேங்குக்குக் காசு வண்டி வர்றப்ப, இடுப்புல துப்பாக்கியோட நிக்கிறாங்கள்ல, செர்ட்டிஸ், ஏட்டோஸ்னு சட்டையில போட்டுக்கிட்டு, அவங்க. முன்ன உள்ளூர்க்காரனும் மலேசியாக்காரனும்தான் இருந்தாங்க. 2017-ல தைவான்லேர்ந்து எடுத்தாங்க. ஆளு பத்தலன்னு இந்தியா, இலங்கைலேர்ந்தும் எடுக்கப்போறதா 2025 தொடக்கத்துல சர்க்கார் சொன்னுச்சு. கண்ணு மின்னுது பாரு உனக்கு! முறையா, சம்பளத்தோட, துப்பாக்கியோட சர்க்கார் வாசல்ல நிக்கலாம். ஆனா ஒண்ணு, அந்த வேலைக்குக் கோவக்காரன எடுக்கமாட்டாங்க. கறிக்கடை வாசல்ல அருவாளப் பத்திக் கத்துறவன சுத்தமா எடுக்கமாட்டாங்க.

சரி, இந்த ஃபைலைப் புடி. உன் சம்பளச் சீட்டு எல்லாம் இதுல அடுக்கி வச்சிருக்கேன். 2016-லேர்ந்து ஒவ்வொரு முதலாளியும் கணக்குப் பிரிச்சு எழுதின சீட்டுக் குடுத்தே ஆகணும், உன் ஆளும் முட்டாத்தனமாக் குடுத்திருக்கான். முதல்ல டி.ஏ.டி.எம்.ங்கிற சமரச ஆபீசுல ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசுவாங்க. அங்க ஆகலன்னா ஹேவ்லாக் ஸ்கொயர் ரெட்டைக் கோபுரத்துல, ஸ்டேட் கோர்ட்டுல, சம்பள வழக்குக்குன்னே 2017-லேர்ந்து ஒரு மன்றம் இருக்கு. 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். ரெண்டு பக்கமும் வக்கீல் கிடையாது, அதனால உன் முதலாளியும் தன் சொந்த வாயாலதான் பொய் சொல்லியாகணும். நாளத் தள்ளிப்போடாத, கெடு உண்டு.

நாளைக்குப் போறப்ப அந்தப் பெரிய பக்கிள் வச்ச பெல்ட்டப் போடாத, அது கத்தும், வரிசையே உன்னையப் பாக்கும். சாவிக்கொத்துல ஒரு குட்டிக் கத்தி தொங்குதே, அத இப்பவே கழட்டி எங்கிட்டக் குடு. ஃபோனு, சில்லறை, சாவி எல்லாத்தையும் தட்டுல போட்டுட்டுக் கைய அகட்டி நில்லு. காவல்ல நிக்கிறவங்க மூஞ்சியப் பாத்து குட் மார்னிங் சொல்லு, இடுப்பப் பாக்காத. இந்த ஃபைல அக்குள்ல இடுக்கிக்க. என்ன கோவம் வந்தாலும் உள்ளேர்ந்து ஒரு காயிதத்த எடுத்துத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு மட்டும் நிக்காத, அப்புறம் நீ கூட்டமாயிருவே.